எடையைக் கேட்காமல் டயர் விற்பது எப்படி

போன மாதம் முத்துச்செல்வி போன் செய்தாள். பாளையங்கோட்டையில் நான் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்த சைக்கிள் கடையில் இன்றைக்கு அவள்தான் தலைமை மெக்கானிக். நான் ஓய்வு பெற்றபோது என் ஸ்பேனர் பெட்டியை வாங்கிக்கொண்டாள். என் வாயையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள் என்று கஸ்டமர்கள் சொல்லுகிறார்கள்.

"பாய், போன்ல ஒரு ஆப் இருக்கு. ஓட்டுத ஆளோட எடை, டயர் அகலம், ரோடு எப்படின்னு போட்டா எவ்வளவு காத்து அடிக்கணும்னு அதுவே சொல்லிருது. நானும் அது சொன்னபடிதான் அடிக்கேன். ஆனாலும் ஒரு பள்ளத்துல எறக்குனா ட்யூபு போயிருது, கொண்டுவந்து நிப்பாட்டிட்டு என்னைய மொறைக்காவ. ஆப் தப்பா, நான் தப்பா?"

"எடைய யாரு சொன்னா?"

"அவியதான் சொன்னாவ."

"அப்ப ஆப்பும் தப்பில்ல, நீயும் தப்பில்ல."

அவள் சிரித்து முடித்துவிட்டு, இதை அப்படியே எழுதித் தாருங்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் சேர்ந்து போடுகிற ஆண்டு மலரில் போடுவோம் என்றாள். எட்டாம் வகுப்போடு நின்றவனை எழுதச் சொன்னால் எழுத்துப் பிழை வரும். அதை அவள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

என் ஊர் மேலப்பாளையம். வாப்பா தறி நெய்தவர். எனக்கு அந்தத் தறிக்குழியில் உட்கார்ந்தால் கால் மரத்துப் போகும், அதனால் வாடகை சைக்கிள் கடைக்கு ஓடிப் போனேன். பஞ்சர் ஒட்டக் கற்றது அங்கே, ஸ்போக் கோத்துச் சக்கரத்தைக் கோட்டம் எடுக்கக் கற்றது அங்கே, கெட்ட வார்த்தை கற்றதும் அங்கேதான். அதன் பிறகு பாளையங்கோட்டையில் சிவசுப்பு அண்ணாச்சி கடையில் சேர்ந்தேன். பால்காரர் சைக்கிள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிள் என்று இருபது வருஷம் போனது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, சைக்கிள் என்றால் கெடும், நாங்கள் சரி பண்ணினோம்.

பிறகுதான் ரோடு பைக் வந்தது. ஆட்டுக் கொம்பு போல வளைந்த ஹேண்டில், எட்டு கிலோ எடை, விலையைக் கேட்டால் தலை சுற்றும். டாக்டர், வக்கீல், பேங்க் அதிகாரி எல்லாரும் விடியற்காலையில் இறுக்கமான உடுப்பு போட்டுக்கொண்டு சேரன்மகாதேவி ரோட்டில் குனிந்துகொண்டு போக ஆரம்பித்தார்கள். வயலுக்குப் போகிறவர்கள் மண்வெட்டியை ஊன்றி நின்று பார்ப்பார்கள். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் காயப் போடுகிற அம்மாள் ஒருத்தி, "இவியளுக்கு என்ன கொறச்சல், ஏன் இப்படி விரட்டுதாவ" என்று கேட்டதாக ஒரு டாக்டரே வந்து சொன்னார்.

ரோடு பைக் வாங்கியவருக்கு ஆறாவது மாசம் ஒரு கிறுக்குப் பிடிக்கும். வேகம் போதாது என்று தோன்றும். கால் போதாது என்று ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், சக்கரம் சரியில்லை என்பார்கள். லேசான சக்கரம் வேண்டும், மெல்லிய டயர் வேண்டும், விரலால் தட்டினால் கல்லில் தட்டினது போலச் சத்தம் வருகிற அளவுக்குக் காற்று வேண்டும். இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்கள்.

அண்ணாச்சி ஒல்லியான ஆள். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யார் எதைக் கேட்டாலும் "இல்லை" என்று சொல்ல மாட்டார், "பாப்பம் வே" என்பார். அந்தப் "பாப்பம் வே"யில் பத்து விதம் உண்டு. கஸ்டமருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும், எனக்கு எது எதுவென்று தெரியும்.

கல்லு மாதிரிக் காற்று கேட்கிறவரிடம் பைய ஆரம்பிப்பார். "சார், கல்லு மாதிரி டயரு ரோட்டுல கல்லைக் கண்டா துள்ளும். துள்ளுத நேரம் வண்டி முன்னால போகாது, மேல போகும். நீங்க மேல போகவா சைக்கிள் வாங்குனிய?"

விஷயம் அவ்வளவுதான். நம் ரோட்டுக்கு டயர் கொஞ்சம் அகலமாக இருக்க வேண்டும், காற்று ஆளின் எடைக்கு ஏற்ப இருக்க வேண்டும். கூடினால் துள்ளும். குறைந்தால், பள்ளத்தில் இறங்கும்போது ட்யூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் அகப்பட்டுப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். சக்கரமும் அப்படியே. லேசான ஆளுக்கு இருபது ஸ்போக் தாங்கும், கனத்த ஆளுக்கு இருபத்தெட்டோ முப்பத்திரண்டோ வேண்டும், அதிலும் பாரம் முழுக்கப் பின்சக்கரத்தில்தான் உட்காரும். ஆகமொத்தம் எடை தெரியாமல் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

எடையைக் கேட்டால் பொய் சொல்லுவார்கள். முப்பத்து நாலு வருஷத்தில் என்னிடம் உண்மையான எடையைச் சொன்ன ஆண் ஒருவர்கூட இல்லை. நோயாளியை மெஷினில் ஏற்றி நிறுத்தித் திட்டுகிற டாக்டர்கள்தான் அதிகமாகக் குறைத்துச் சொன்னவர்கள்.

அண்ணாச்சி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். புதுச் சக்கரமோ டயரோ வாங்குகிறவருக்குச் சைக்கிள் ஓட்டுகிற டவுசர் ஒன்று இலவசம் என்றார். என்ன சைஸ் என்று கேட்பார். லார்ஜ், டபுள் லார்ஜ் என்று பதில் வரும். அவருடைய மேசை டிராயரின் உள்பக்கத்தில், எந்த சைஸுக்கு எத்தனை கிலோ என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார். டவுசர் எடுக்கிற சாக்கில் டிராயரைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் விரலால் காட்டுவார். ஒன்பது விரல் என்றால் தொண்ணூறு.

"எடையில பொய் சொல்லுதவன் இடுப்புல சொல்ல மாட்டான் வே. சொன்னா டவுசர் ஏறாதுல்லா" என்பார்.

அவருக்கு இன்னொரு சட்டம் உண்டு. "ஒரு கஸ்டமரை இன்னொரு ஆள் முன்னால திருத்தப்பிடாது. திருத்துனா டயரை மாத்த மாட்டான், கடைய மாத்திருவான்." கஸ்டமர் மனசு கோணக் கூடாது என்று கடைப் பேச்சையே திருத்தினவர் அவர். ட்யூப் இல்லாத டயருக்குள் பஞ்சரை அடைக்க வெள்ளையாக ஒரு திரவம் ஊற்றுவோம், எல்லாரும் அதைப் பால் என்பார்கள். ஒரு நாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது நான் உள்ளேயிருந்து, "அண்ணாச்சி, தாசில்தாருக்கு இன்னைக்கே பால் ஊத்திரலாமா?" என்று கேட்டுவிட்டேன். தாசில்தார் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அன்றோடு அந்தச் சொல்லுக்குக் கடையில் தடை. மருந்து என்றுதான் சொல்ல வேண்டும்.

கடையின் மத்தியில், அண்ணாச்சி நாற்காலிக்கு நேர் மேலே, ஒரு ஜோடி கார்பன் சக்கரம் கயிற்றில் தொங்கும். கன்னங்கரேலென்று இருக்கும், ரிம் நாலு விரல் உயரம், ஸ்போக் முன்னால் பதினெட்டு, பின்னால் இருபது. ஒரு சுண்டுவிரலில் தூக்கிவிடலாம். யார் விலை கேட்டாலும் அண்ணாச்சி "பாப்பம் வே" என்பார். "அது விக்கதுக்கு இல்ல, பாக்கதுக்கு. அதைப் பாக்க வந்தவன் ரெண்டு டயராவது வாங்கிட்டுப் போவான்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் பூஜைக்குப் பொறுப்பு நான்தான். மேலப்பாளையத்துப் பாய்க்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பார்கள். டிஸ்க் பிரேக் வந்த முதல் வருஷம், பூஜை போட்ட உற்சாகத்தில் யாரோ அந்த டிஸ்க் தகட்டில் எண்ணெய் குழைத்த சந்தனத்தை வட்டமாக, அழகாகப் பூசிவிட்டார்கள். ஒரு பேங்க் அதிகாரி அந்த வண்டியில் கிளம்பி, முருகன்குறிச்சியில் பிரேக் பிடித்தார். அது பிடிக்கவில்லை. இளநீர்க் கடைக்குள் போய்த்தான் நின்றார். அடுத்த வருஷத்திலிருந்து எல்லா டிஸ்க்குக்கும் பாலித்தீன் உறை மாட்டி, சந்தனம் எங்கே வைக்கலாம் எங்கே வைக்கக் கூடாது என்று காட்டுவது என் வேலையானது. பூ, பொரி, தேங்காய் வாங்குவதும் அப்படியே என் தலையில் வந்தது.

எலுமிச்சம்பழம்தான் பெரிய தொல்லை. கார் என்றால் சக்கரத்துக்கு அடியில் பழத்தை வைத்து நகர்த்தினால் நசுங்கிவிடும், எல்லாருக்கும் திருப்தி. எட்டு கிலோ சைக்கிளுக்குப் பழம் மசியாது. ஆள் ஏறி உட்கார்ந்து உருட்ட வேண்டும். அப்போதும் மெல்லிய டயரில் காற்றுக் கூடுதலாக இருந்தால் பழம் பக்கவாட்டில் பிதுங்கி ஓடிவிடும். அகலமான டயர், அளவான காற்று என்றால் பழத்தை அமுக்கிப் பிடித்து நசுக்கும். பழம் நழுவினால் சகுனம் சரியில்லை என்று வீட்டுக்காரர்கள் முகம் வாடிப்போகும். ஆகவே பூஜைக்கு முன்னால் எல்லா வண்டியிலும் முன்டயரில் கொஞ்சம் காற்றை நான் இறக்கி வைத்துவிடுவேன். பூஜை முடிந்ததும் திரும்ப அடித்துக் கொடுப்பேன். ஒரே ஒரு வருஷம் தவிர ஒரு பழமும் நழுவினதில்லை. மீரான் பாய் கை ராசி என்று பேர் கிடைத்தது.

அந்த ஒரு வருஷத்துக்கு வருகிறேன். ஏழு வருஷம் இருக்கும். அண்ணாச்சி முழங்கால் வலி தீரக் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் போடுவதாக நேர்ந்திருந்தார். எமன் வேஷம். காப்புக் கட்டி, முகத்தில் கறுப்பு மை பூசி, கையில் கயிற்றோடு தசரா செட் என்கிற வேஷக் கூட்டத்தோடு ஊர் ஊராகக் காணிக்கை வாங்கப் போய்விட்டார். பத்து நாளைக்குக் கடை என் பொறுப்பு.

மூன்றாம் நாள் வக்கீல் ஆவுடையப்பன் வந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன், ஆளைக் கண்டுபிடிக்கிறவர்கள் கண்டுபிடித்துக்கொள்ளட்டும். பெருமாள்புரத்தில் வீடு. முன்னே வயலும் தோப்புமாக இருந்த குடும்பம், இப்போது கோர்ட்டும் கேஸும். குறுக்கு விசாரணையில் கெட்டிக்காரர், சாட்சி ஒரு பொய் சொன்னால் அந்த நூலைப் பிடித்தே கதையை முழுக்கப் பிரித்துவிடுவார் என்று சொல்லுவார்கள். ஆள் உயரம், அதற்கேற்ற பருமன், நடந்து வந்தால் கடை வாசல் கொஞ்சம் இருட்டும். ஒரு வருஷமாக ரோடு பைக் ஓட்டுகிறார்.

மேலே பார்த்தார். "பாய், அதைக் கழத்தும்."

"சார், அது அண்ணாச்சி..."

"வெல சொல்லும் வே. வார ஞாயித்துக்கெழம நாங்க பத்துப் பேரு அம்பாசமுத்திரம், தென்காசி வழியா ஆரியங்காவு போறோம். எல்லாவனும் என்னைய முந்திட்டுப் போறான். கால்ல கொறையில்ல. சக்கரம்தான்."

"எடை எவ்வளவு இருப்பிய சார்?"

"எண்பது."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் தொண்ணூற்றைந்துக்குக் குறையாது. டவுசர் சைஸ் கேட்டேன். "லார்ஜ்" என்றார் கூசாமல். போட்டுப் பாருங்கள் என்றேன். "வீட்ல போய்ப் பாத்துக்கிடுதேன்" என்று சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டார். அண்ணாச்சியின் வித்தை பலிக்காத முதல் ஆள் அவர்.

அங்கே நான் "இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் என்று உள்ளபடி சொல்லிவிடுகிறேன். கடையில் நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராலும் வாங்க முடியாத சக்கரத்தை நான் விற்கப் போகிறேன் என்று எனக்கே ஒரு கிறுகிறுப்பு. ஏணி போட்டு ஏறி இறக்கினேன். அவர் கேட்டபடி இருபத்தைந்து மில்லி டயர் மாட்டி, பம்பு முள் நூற்றுப்பத்தைத் தொடும் வரை காற்று அடித்து, தட்டிக் காட்டினேன். கல்லு மாதிரிச் சத்தம் வந்தது. பூஜை போட்ட பிறகுதான் ஏறுவேன் என்று வக்கீல் சிரித்துக்கொண்டே சைக்கிளைக் காருக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போனார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, சக்கரம் வந்த அட்டைப் பெட்டியில் ஒரு தாள் மடித்துக் கிடந்ததைப் பார்த்தேன். எறும்பு ஊர்ந்தது போலப் பொடி எழுத்து, எல்லாம் இங்கிலீஷ். ஒரு ஆள் படம், பக்கத்தில் 85 என்று எண், அதன் மேல் ஒரு கோடு. ஓட்டுகிறவர் எடை எண்பத்தைந்துக்கு மேல் போகக் கூடாது என்பதற்கு இங்கிலீஷ் எதற்கு. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

ஆரியங்காவிலிருந்து திரும்பும்போது புளியரை மலை இறங்க வேண்டும். போய் வந்தவர்களுக்குத் தெரியும், எஸ் வளைவு, எதிரில் கேரளா லாரி, கணவாய்க் காற்று பக்கவாட்டில் வந்து அடிக்கும். அந்தக் காற்றில் நாலு விரல் உயர ரிம் பாய்மரம் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். மேலே அவ்வளவு பெரிய ஆள், கீழே இருபது ஸ்போக், வளைவில் ஒன்று அறுந்தாலும் சக்கரம் கோணிப் போகும். ஒரு மனிதன் உயிரை நான் பெருமைக்கு விற்றுவிட்டேன் என்றுதான் தோன்றியது.

அண்ணாச்சிக்குப் போன் அடித்தேன். நாலாவது தடவை எடுத்தார். பின்னால் மேளம் கிழிந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"எமன் வேசத்துல நிக்கேன் வே. எங்கிட்ட வந்து ஒருத்தன் உசுரைக் காப்பாத்த வழி கேக்கீரே" என்றார்.

"அண்ணாச்சி, வெளையாடாதிய. என்ன செய்ய?"

"அவரு எடை எண்பதுன்னு நாலு பேரு முன்னால சொல்லிட்டாரு. இனி செத்தாலும் மாத்த மாட்டாரு. பொய்யை அவருகிட்டயே விட்டுரும். சக்கரத்தை மட்டும் எறக்கும்." அதற்குள் யாரோ அவரைக் கூப்பிட, லைன் போய்விட்டது.

நேராகச் சொல்லிப் பார்ப்போம் என்று மறுநாள் வக்கீலுக்கே போன் செய்தேன். அந்தச் சக்கரம் எண்பத்தைந்து கிலோவுக்குத்தான் சார் என்றேன்.

"நான் எண்பதுதானே. அப்ப என்ன?"

"இல்ல சார், ஒருவேளை கொஞ்சம் கூட இருந்தா..."

"என்னைய நீரு நிறுத்துப் பாத்தீரா?"

"இல்ல."

"கடையில தராசு இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப எதை வச்சுச் சொல்லுதீரு?"

கண்ணை வைத்துத்தான் சொல்லுகிறேன் என்று எப்படிச் சொல்ல. கேஸ் தள்ளுபடி ஆனது.

ஆயுத பூஜை வியாழக்கிழமை வந்தது. ஞாயிறுக்கு நடுவில் இரண்டே நாள். முந்தின நாள் மார்க்கெட்டில் எலுமிச்சம்பழம் வாங்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எல்லாருக்கும் மஞ்சள் பழமாக வாங்கினேன். ஓரமாக மூன்று பச்சைக் காய் எடுத்தேன், உருண்டையாக, கோலிக்குண்டு போல இறுகினதாகப் பார்த்து.

வக்கீல் தன் வீட்டம்மாவோடு காரில் வந்தார், சைக்கிள் காருக்குப் பின்னால் கட்டியிருந்தது. அந்த அம்மாள் கோமதி, காலேஜில் பாடம் எடுக்கிறவர், அதிகம் பேச மாட்டார். நான் மற்ற வண்டிகளுக்கெல்லாம் வழக்கம்போல முன்டயரில் காற்றை இறக்கினேன். வக்கீல் வண்டியில் மட்டும் இன்னும் பத்து ஏற்றினேன். டிஸ்க்குக்கு உறை மாட்டினேன், சந்தனம் வைத்தேன், சூடம் காட்டினார்கள். முப்பது பேர் சுற்றி நின்றார்கள்.

வக்கீல் ஏறி உட்கார்ந்தார். முதல் காயை டயருக்கு அடியில் ஒரு நூல் தள்ளி வைத்தேன். உருட்டினார். காய் விருட்டென்று நழுவி ஒரு டாக்டருடைய கணுக்காலில் போய் இடித்தது. எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது காய் அண்ணாச்சி ஸ்கூட்டருக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அப்போது சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. மூன்றாவது காய் பிடிவாதமாக நடுவில் நின்றது. நான் குனிந்து விலகுகிற மாதிரி செருப்பு நுனியால் லேசாகத் தட்டினேன். அது ரோட்டைத் தாண்டிப் போனது. பிறகு ஒருத்தரும் சிரிக்கவில்லை.

கோமதி அம்மாள் முன்னால் வந்தார். "போதும். இந்தச் சக்கரம் நமக்கு ஆகாது. கழத்தச் சொல்லுங்க."

வக்கீல் வாதாடுவார் என்று நினைத்தேன். நான் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுத் தீர்ப்புக்கு அப்பீல் கெடையாதுல்லா" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். சக்கரத்தைக் கழற்றி, பழையபடி கயிற்றில் கட்டி மேலே தொங்கவிட்டேன்.

காரியம் ஜெயித்தது, மனசு ஜெயிக்கவில்லை. அடுத்தவர் நம்பிக்கையில் கை வைத்துவிட்டோமே என்று உறுத்தியது. அவர்கள் சாமி முன்னால் வைக்கிற பழத்தைக் கொண்டு ஏமாற்றுவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது. அன்று தொழுகையில் அல்லாஹ்விடம் அதைச் சொல்லித்தான் மன்னிப்புக் கேட்டேன். விளக்கம் நீளமாகப் போய்விட்டது.

மறுநாள் விஜயதசமி. கடை திறந்த கையோடு கோமதி அம்மாள் தனியாக வந்தார்.

"பாய், மூணாவது காயை நீங்க செருப்பால தட்டுனதை நான் பாத்தேன்."

"அம்மா, மன்னிச்சிருங்க. உங்க சாமி காரியத்துல..."

"சாமி காரியம் கெடக்கட்டும். எவ்வளவுன்னு தெரியணும்லா உங்களுக்கு." கைப்பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். தேதி தேதியாக வரிசையில் எண்கள் இருந்தன. "வீட்ல ஒரு எடை மெசின் வாங்கிப் போட்டிருக்கேன். ஏறி நின்னா எடைய என் போனுக்கு அனுப்பிரும். அவியளுக்கு அது தெரியாது. நான் குளிக்கப் போற நேரமாப் பாத்து தெனமும் ஏறிப் பாக்காவ." கடைசி வரியில் விரலை வைத்தார். தொண்ணூற்றெட்டு.

"அம்மா, அப்ப நீங்க சகுனம்னு சொன்னது..."

"சகுனம் நான் பாக்கதில்ல பாய். எங்க கல்யாணத்துக்கே சகுனம் சரியில்லன்னுதான் சொன்னாவ, இருபத்தாறு வருசம் ஓடிட்டு. அந்தச் சக்கரத்தோட பேப்பரை நான் நெட்டுல படிச்சேன். நான் சொன்னா சண்டை வரும். நீங்க ஒரு வழி பண்ணுனிய, நான் புடிச்சுக்கிட்டேன்." போகும்போது திரும்பி நின்று சொன்னார். "எடை எனக்குத் தெரியும்ங்கது அவியளுக்குத் தெரிய வேண்டாம்."

சரி என்றேன். அவர் போனதும், கடையிலேயே விட்டுப் போயிருந்த வக்கீல் வண்டிக்கு வேறு சக்கரம் கோக்க நிம்மதியாக உட்கார்ந்தேன். அலுமினியம் ரிம், உயரம் ஒன்றரை விரல், காற்றுக்கு வழி விடும். ஸ்போக் முன்னால் இருபத்தெட்டு, பின்னால் முப்பத்திரண்டு. ஒவ்வொன்றையும் விரலால் மீட்டிப் பார்த்து, எந்தப் பக்கம் தளர்வு என்று கேட்டு இறுக்கினேன். அந்த வண்டியில் சக்கரம் உட்காருகிற ஃபோர்க் கவைக்குள் எவ்வளவு அகல டயர் போகும் என்று பார்க்க, இரண்டு பக்கமும் நாலு மில்லி அல்லன் சாவியைச் செருகி ஓட்டிப் பார்த்தேன். முப்பத்திரண்டு மில்லி டயர் தாராளமாகப் போனது. சீமைக் கருவேல முள்ளுக்காக ட்யூப் இல்லாத டயராகப் போட்டு மருந்து ஊற்றினேன்.

சாயங்காலம் வக்கீல் வந்தார். அவரும் தனியாகத்தான் வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"பாய், இங்கன வாரும். நேத்து அந்தச் சக்கரத்துல ஏறி உக்காந்ததும் பின்னால 'டிக்'னு ஒரு சத்தம். ரெண்டு தடவ. நீரு கேட்டீரா?"

கேட்டேன். புதுச் சக்கரத்தில் முதல் தடவை பாரம் ஏறும்போது முறுக்கிக்கொண்டிருக்கிற ஸ்போக் தன்னைச் சரிபண்ணிக்கொள்கிற சத்தம் அது. பத்து வயசுப் பையன் ஏறினாலும் வரும். ஒரு கெடுதலும் இல்லை.

"கேட்டேன் சார்" என்று மட்டும் சொன்னேன்.

"சக்கரம் முறிஞ்சிரும்னு பயந்துட்டேன் வே. முப்பது பேரு சுத்தி நிக்காவ, எறங்கவும் முடியல. காய் நழுவுச்சு பாரும், அப்பதான் உசுரே வந்துச்சு." குரலைத் தாழ்த்தினார். "எடை எண்பது இல்ல. கொஞ்சம் கூட."

"எவ்வளவு சார்?"

ஜன்னல் பக்கம் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கூண்டில் ஏறின சாட்சி முழிப்பது போல முழித்தார். எனக்கே பாவமாக இருந்தது.

"தொண்ணூத்தாறு. வீட்ல தெரியப்பிடாது வே. அவ கவலப்படுவா."

அவர் தூக்கம் கெடக் கூடாது என்று அம்மாள் மறைக்கிறார், அம்மாள் தூக்கம் கெடக் கூடாது என்று அவர் மறைக்கிறார். நடுவில் ஒரு எலுமிச்சங்காயின் மேல் பழியைப் போட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் தப்பித்திருக்கிறோம். இரண்டு பேருக்கும் கொடுத்த வாக்கை ஏழு வருஷம் காப்பாற்றினேன். இந்த மலர் அவர்கள் வீட்டுக்கும் போகும், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் முத்துச்செல்வி.

ஞாயிற்றுக்கிழமை வக்கீலும் கூட்டாளிகளும் ஆரியங்காவு போனார்கள். புளியரையில் மழை பிடித்துக்கொண்டதாம். அன்று பூராவும் நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். சாயங்கால அசர் தொழுகைக்கு முன்னால் போன் மணி அடித்தது. தென்காசி வந்துவிட்டோம், டீ குடிக்கிறோம் என்றார் வக்கீல். அப்போதுதான் உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை காலையில் அண்ணாச்சி காதோரத்தில் மை போகாமல் கடைக்கு வந்திருந்தார். மேலே தொங்குகிற சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போது வக்கீல் வந்தார். முகத்தில் அப்படி ஒரு களை. மலை இறக்கத்தில் வண்டி ரயில் மாதிரி ஆடாமல் வந்தது, பள்ளத்தில் இறங்கினதே தெரியவில்லை, இரண்டு பேரை முந்தினேன் என்று கை காலை ஆட்டிச் சொன்னார். அண்ணாச்சி உள்ளே போனதும் என் பக்கம் குனிந்தார்.

"பாத்தீரா பாய், ஆளு உண்மைய மட்டும் சொல்லிட்டா காத்து எவ்வளவு கச்சிதமா அமையுது."

"ஆமா சார்" என்றேன்.

இரண்டு கிலோவுக்குக் காற்றில் பெரிய வித்தியாசம் ஒன்றும் வராது. ஆனாலும் நான் தொண்ணூற்றெட்டுக்குத்தான் அடித்திருந்தேன்.